தொண்டைப் படத்தில் அடைப்பில்லை, தூக்கச் சோதனையில் இருக்கிறது: எதை நம்புவது?

கேள்வி:

எனக்கு 44 வயது. ஒல்லி என்று சொல்ல முடியாது, ஆனால் உடல் நிறைக் குறியீடு 23-தான். இரண்டு வருடமாகக் காலையில் எழும்போதே தலைவலி, பகலெல்லாம் அசதி. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக என் கணவர் சொன்னதால், வீட்டிலேயே செய்யும் தூக்கச் சோதனை செய்தோம். ஏ.எச்.ஐ. 22 என்று வந்தது. மல்லாந்து படுத்தபோது 41, ஒருக்களித்தபோது 9. முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்துவைக்கும் சிபாப் கருவியை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்குச் சில மாதம் முன்பு கழுத்து வலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'சுவாசப் பாதையில் அடைப்பு இல்லை' என்று எழுதியிருக்கிறது. எதை நம்புவது? பருமன் இல்லாத எனக்கு இது எப்படி வந்தது? ஓர் ஆய்வுக் குழு என் தொண்டையை எம்.ஆர்.ஐ.யில் படம் எடுக்கக் கேட்கிறது. விழித்திருக்கும்போது ஒருமுறை, தூங்கும்போது ஒருமுறை. அதில் சேர்ந்தால் அடைப்பு எங்கே என்று கண்டுபிடித்து, அறுவை சிகிச்சையில் ஒரேயடியாகச் சரிசெய்துவிட முடியுமா? அதுவரை கருவியைத் தள்ளிப்போடலாமா? என் தம்பியும் பலமாகக் குறட்டை விடுகிறான்.

பதில்:

இரண்டு அறிக்கையுமே உண்மையைத்தான் சொல்கின்றன. ஒன்று நீங்கள் விழித்தபடி படுத்திருந்த சில நிமிடங்களைப் பற்றியது, மற்றது நீங்கள் தூங்கிய ஓர் இரவைப் பற்றியது. தூக்க மூச்சுத்தடை என்ற இந்த நோய் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அந்த இரவுதான் சாட்சி. ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கருவியைத் தள்ளிப்போடாதீர்கள். ஏ.எச்.ஐ. என்பது ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்ற கணக்கு. ஒவ்வொன்றும் குறைந்தது 10 வினாடி நீடித்தால்தான் கணக்கில் சேரும். 5-க்கு மேல் போனால் நோய், 15 முதல் 30 வரை மிதமான நோய், அதற்கு மேல் கடுமையானது. உங்களுக்கு 22, கூடவே தலைவலியும் அசதியும் இருக்கின்றன. காத்திருக்க இதில் ஒன்றுமில்லை. ஆய்வில் சேர்வது தனி விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

தொண்டையைப் படம் எடுத்து ஆராய்வதுதான் பல வருடமாக என் வேலை. நோயாளிகளையும் பார்க்கிறேன், அவர்களுடைய படங்களையும் பார்க்கிறேன். படத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் ஒருவருக்குத் தூக்க மூச்சுத்தடை இருக்கிறதா இல்லையா என்பதைப் படத்தை வைத்து நான் சொல்வதில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2017 வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு இந்த நோயை உறுதிசெய்ய இரண்டு வழியைத்தான் சொல்கிறது: ஆய்வகத்தில் மூளை அலை, மூச்சு, ஆக்சிஜன் எல்லாவற்றையும் பதிந்து இரவு முழுக்கச் செய்யும் பாலிசோம்னோகிராபி என்ற சோதனை, இல்லையென்றால் அதற்குப் பொருத்தமானவர்களுக்கு வீட்டுச் சோதனை. படத்துக்கு வேறு வேலை இருக்கிறது. எந்த இடம் மூடுகிறது, ஏன் மூடுகிறது என்று கேட்டால் அது நிறையப் பேசும்.

ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொள்ளத் தொண்டையின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூக்குக்கு எலும்பின் பிடிமானம் உண்டு. குரல்வளைக்கும் மூச்சுக்குழலுக்கும் குருத்தெலும்பு உண்டு. இரண்டுக்கும் நடுவில், அண்ணத்தின் பின்பக்கத்திலிருந்து குரல்வளை வரை வருகிற தொண்டைக்கு அப்படி எதுவும் கிடையாது. முன்னால் மென் அண்ணமும் நாக்கும், இரண்டு பக்கமும் சதைச் சுவர்கள், பின்னால் கழுத்தெலும்பை ஒட்டிய தசை. விழுங்குவதும் பேசுவதும் இதே இடத்தில் நடக்க வேண்டியிருப்பதால் அது இளக்கமாகத்தான் இருந்தாக வேண்டும். அதைத் திறந்து வைத்திருப்பது தசைகள். குறிப்பாக ஜீனியோகுளோசஸ் என்ற நாக்குத் தசை, ஒவ்வொரு முறை மூச்சை இழுப்பதற்குச் சற்று முன்னாலும் இறுகி, நாக்கை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. தூக்கம் வந்ததும் அந்தப் பிடி தளர்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1992-இல் வந்த ஓர் ஆய்வில், விழித்திருக்கும் நோயாளிகளின் நாக்குத் தசை, நோயில்லாதவர்களுடையதைவிட அதிகமாக வேலை செய்வதைக் கண்டார்கள். பாதை குறுகலாக இருப்பதை உடம்பு தெரிந்துகொண்டு பகலில் தசையைக் கூடுதலாக முடுக்கி ஈடுகட்டிவிடுகிறது. அப்படி ஈடுகட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் படம் எடுத்தால் பாதை திறந்துதானே தெரியும்? 1997-இல் ஜப்பானில் ஷிரோ இசோனோவின் குழு இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தது. மயக்க மருந்து கொடுத்து, தசைகளை முழுதாகச் செயலிழக்கவைத்து, தொண்டை எந்த அழுத்தத்தில் மூடுகிறது என்று அளந்தார்கள். நோயில்லாதவர்களின் தொண்டையை மூடவைக்கக் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது. நோயாளிகளின் தொண்டை உறிஞ்சாமலே மூடிக்கொண்டது. கோளாறு தொண்டையின் அமைப்பிலேயே இருக்கிறது, விழிப்பு அதை மறைத்துவைக்கிறது என்று இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெரியும்.

உங்கள் கழுத்து எம்.ஆர்.ஐ.யைப் பற்றி இன்னொன்று. அது முதுகெலும்பின் வட்டுகளையும் நரம்புகளையும் பார்க்க எடுத்தது. அறிக்கை எழுதிய கதிரியக்க மருத்துவர் தொண்டைப் பக்கம் கண்ணை ஓட்டி, கட்டியோ சீழோ பாதையை அடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருப்பார். அவர் எழுதியது சரிதான். ஆனால் அகலத்தையோ நாக்கின் பருமனையோ அவர் அளக்கவில்லை, அளக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

சரி, ஆய்வுக்காக எடுக்கும் படத்தில் நாங்கள் என்ன பார்க்கிறோம்? தலையிலிருந்து கழுத்து வரை மெல்லிய துண்டுகளாகப் படம் வரும். நான் முதலில் திறப்பது மென் அண்ணத்துக்குப் பின்னால் குறுக்காக வெட்டிய துண்டை. பெரும்பாலானவர்களுக்குப் பாதை மிகக் குறுகும் இடம் அதுதான். டி1 வகைப் படத்தில் காற்று கறுப்பு, தசை சாம்பல், கொழுப்பு வெள்ளை. நடுவில் உள்ள கறுப்புத் துளைதான் மூச்சு போகிற வழி. நோயில்லாதவருக்கு அது இடவலமாக நீண்ட நீள்வட்டமாக இருக்கும். நோயாளிகள் பலருக்குப் பக்கங்களிலிருந்து நெருக்கிச் சின்ன வட்டமாகிவிடும். சிலருக்கு முன்பின்னாக நீண்ட கீறலாகவே தெரியும். அப்புறம் ஒவ்வொரு துண்டிலும் நாக்கு, மென் அண்ணம், பக்கச் சுவர், தொண்டையை ஒட்டிய கொழுப்புத் திட்டு, தாடையெலும்பு என்று ஒவ்வொன்றின் ஓரத்தையும் வரைந்து, எல்லாத் துண்டையும் சேர்த்துக் கன அளவு எடுப்போம். முன்பு இதை மவுஸால் ஒவ்வொரு கோடாக வரைய வேண்டியிருந்தது. இப்போது கணினி முதலில் வரைந்து தருகிறது, நாங்கள் திருத்துகிறோம். நாக்கின் பக்க ஓரம் எங்கே முடிகிறது, தொண்டைச் சுவர் எங்கே தொடங்குகிறது என்பதில் இரண்டு பேர் இன்னமும் சண்டை போடலாம்.

நகரும் படங்கள் இதைவிடச் சுவையானவை. தூங்குகிறவரை இடைவிடாமல் தொடர்ச்சியாகப் படம் எடுத்தால், பாதை மூடுவதை ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பார்க்க முடியும். மூச்சை உள்ளே இழுக்கும்போது உறிஞ்சலால் மூடுகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் மூச்சை வெளியே விட்டு முடிக்கும் தறுவாயிலேயே துளை ஏற்கெனவே மிகச் சிறியதாகிவிடுகிறது. அடுத்த இழுப்பு அதை முடித்துவைக்கிறது, அவ்வளவுதான். பக்கச் சுவர்கள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், மென் அண்ணம் பின்சுவரில் படியும், சிலருக்கு அடிநாக்கும் வந்து சேரும். மார்பும் வயிறும் மூச்சை இழுக்க முயன்றுகொண்டே இருக்கும், காற்று மட்டும் போகாது. பிறகு மூளை ஒரு நொடி விழிக்கிறது, தசை இறுகுகிறது, துளை திறக்கிறது. காலையில் உங்களுக்கு இதில் எதுவும் நினைவிருக்காது. உங்கள் கணவர் பார்த்தது இதைத்தான்.

இந்தத் துறை இப்படிப் படம் பார்த்து வளர்ந்ததுதான். 1980-களில் சி.டி.யிலும் எக்ஸ்ரே திரையிலும் தொடங்கினார்கள். 1990-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஷ்வாப்பும் அவருடைய குழுவும் எம்.ஆர்.ஐ.யை எடுத்துக்கொண்டார்கள். நாக்கு பின்னால் விழுந்து அடைக்கிறது என்று எல்லோரும் நாக்கையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், தொண்டையின் பக்கச் சுவர்கள் தடித்திருப்பதற்குப் பெரும்பங்கு உண்டு என்று அவர்கள் 1995-இல் காட்டினார்கள். 2003-இல் கன அளவு எடுத்துப் பார்த்தபோது நாக்கும் பக்கச் சுவரும் இரண்டுமே பெரியவை என்று வந்தது. ஆக, நாக்குக்குப் பழி முழுதாக நீங்கவில்லை, கூட்டாளி கிடைத்தது.

நாக்கைப் பற்றி இன்னும் ஒரு கதை இருக்கிறது. எடை அதிகமுள்ள வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாக்குக்குள் கொழுப்பு சேரும் என்பது பலருக்குத் தெரியாது. தண்ணீரையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டும் எம்.ஆர்.ஐ. முறையில் பார்த்தால் நாக்கின் பின்பகுதியில் அது வெள்ளையாகத் தெரியும். 2014-இல் ஷ்வாப் குழு, பருமனானவர்களிலேயே மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு நாக்கில் கொழுப்பு கூடுதல் என்று காட்டியது. அப்படியென்றால் எடை குறைந்தால் நோய் குறைவதற்கு எது காரணம்? அதையும் 2020-இல் பார்த்தார்கள். பருமனான 67 நோயாளிகள் ஆறு மாதத்தில் சராசரியாக உடல் எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தார்கள், ஏ.எச்.ஐ. 31 சதவீதம் இறங்கியது. தொண்டையில் என்னென்ன மாறியது என்று முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டால், முன்னேற்றத்தோடு முக்கியமாக ஒத்துப்போனது நாக்குக் கொழுப்பின் குறைவுதான். எடை குறைப்பதால் வயிறுதான் இறங்குகிறது, தொண்டைக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தப் படங்களைக் காட்டுவதுண்டு. 2024 டிசம்பரில் டிர்செபடைட் என்ற எடைகுறைப்பு மருந்தை, பருமனோடு மிதமான அல்லது கடுமையான மூச்சுத்தடையும் உள்ளவர்களுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்ததும் இந்த வழியில் வந்ததே. உங்களுக்கு அது பொருந்தாது. 23-லிருந்து எடையைக் குறைக்கச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

பருமன் இல்லாத உங்களுக்கு ஏன் வந்தது என்றால், தொண்டையின் இடநெருக்கடிக்கு இரண்டு வழி இருக்கிறது. பெட்டிக்குள் துணி அதிகமாக இருந்தாலும் மூடி அழுத்தும், பெட்டியே சின்னதாக இருந்தாலும் அழுத்தும். கீழ்த்தாடை சற்றுப் பின்வாங்கியிருப்பது, மேல்தாடை குறுகலாக இருப்பது, நாக்குக்கு அடியிலுள்ள ஹையாய்டு எலும்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியிருப்பது எல்லாம் சின்னப் பெட்டியின் அடையாளங்கள். சீன வம்சாவளி நோயாளிகளையும் ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளையும் ஒப்பிட்ட ஆய்வில், நோயின் கடுமை ஒன்றாக இருக்கும்போது முன்னவர்களுக்கு எலும்பு அமைப்பின் நெருக்கடி அதிகம், பின்னவர்களுக்கு எடை அதிகம் என்று தெரிந்தது. கண்ணாடியில் பக்கவாட்டில் பாருங்கள். முகவாய் உள்ளே தள்ளியிருந்தால், சிறு வயதில் பல் நெருக்கம் என்று பிடுங்கியிருந்தால், மருத்துவரிடம் சொல்லுங்கள். அதோடு, மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிப் பெண்களுக்கு இந்த நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. பெண்களுக்குக் குறட்டையைவிட அசதி, தலைவலி, தூக்கமின்மை என்றே இது தலைகாட்டுவதால் கண்டுபிடிக்க வருடக்கணக்கில் ஆகிவிடுகிறது. உங்களுக்கு ஆனதுபோல.

தம்பியை நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு அது முக்கியமாகப் பட்டது. நாக்கின் கன அளவும் பக்கச் சுவரின் கன அளவும் உடன்பிறந்தவர்களுக்குள் ஒத்துப்போவதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாடை அமைப்பும் குடும்பத்தில் வருவதுதான். பகலில் கண்ணைச் சொருகுகிறதா, ரத்த அழுத்தம் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் என்னவாக இருந்தாலும் ஒரு தூக்கச் சோதனைக்கு அனுப்பிவையுங்கள்.

இப்போது அறுவை சிகிச்சைக்கு வருவோம். 'அடைப்பு எங்கே என்று தெரிந்தால் வெட்டி எடுத்துவிடலாம்' என்ற எண்ணம் நியாயமானதாகத் தோன்றும். மென் அண்ணத்தையும் உள்நாக்கையும் வெட்டிச் சீரமைக்கும் யு.பி.பி.பி. என்ற அறுவை சிகிச்சை 1981-இல் அறிமுகமானது. அதே 1981-இல்தான் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் சிபாப் முறையை வெளியிட்டார். நாற்பது வருடத்துக்குப் பிறகும் முதல் சிகிச்சையாக நிற்பது சிபாப்தான். யு.பி.பி.பி. சிலருக்கு நன்றாக வேலை செய்தது, பலருக்குச் செய்யவில்லை. யாருக்குச் செய்யும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினமாகவே இருந்தது. காரணம், ஓரிடத்தில் மட்டும் மூடுகிற தொண்டை குறைவு. அண்ணத்துக்குப் பின்னால் வழிவிட்டால் அடிநாக்கில் மூடும், அதையும் சரிசெய்தால் குரல்வளையின் மேலுள்ள மூடி (எபிகிளாட்டிஸ்) வந்து படுத்துக்கொள்ளும்.

அதனால்தான் தூக்க மயக்கம் கொடுத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்க்கும் முறை வந்தது. 1991-இல் பிரிட்டனில் தொடங்கியது, இப்போது டைஸ் என்கிறார்கள். அண்ணம், பக்கச் சுவர், அடிநாக்கு, குரல்வளை மூடி என்று நான்கு இடத்தையும் பார்த்து, எது எந்தத் திசையில் எவ்வளவு மூடுகிறது என்று குறிப்பார்கள். இது நிஜமாகவே முடிவை மாற்றும். நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியை மார்பில் பதிக்கும் சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். 126 பேருக்குப் பதித்து 2014-இல் வெளிவந்த ஸ்டார் ஆய்வில், ஏ.எச்.ஐ.யின் இடைநிலை அளவு ஒரு வருடத்தில் 29.3-லிருந்து 9.0-க்கு இறங்கியது. ஆனால் அண்ணத்தின் பின்னால் நான்கு பக்கமும் சுருக்குப்போல ஒரேயடியாக மூடுகிறவர்களை டைஸில் பார்த்து முதலிலேயே விலக்கிவிட்டார்கள், அவர்களுக்கு அது சரியாகப் பலன் தருவதில்லை என்று தெரிந்ததால். படத்தின் பயன் என்று நான் சொல்வது இந்த மாதிரி இடத்தில்தான். ஒரு குறிப்பிட்ட சிகிச்சையைப் பேசிக்கொண்டிருக்கும்போது, இவருக்கு அது பொருந்துமா என்று பார்க்க எடுப்பது. சும்மா எடுத்துவைத்து, அதைக் காட்டி வெட்டலாமா என்று கேட்பதற்கு அல்ல.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஏறக்குறைய ஒரே மாதிரித் துளையுள்ள இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்தால், ஒருவருக்கு நோய் லேசாகவும் மற்றவருக்குக் கடுமையாகவும் இருக்கக்கூடும். தொண்டையின் அகலம் தவிர வேறு குணங்களும் சேர்ந்துதான் நோயை உண்டாக்குகின்றன. சிலருக்குத் தூக்கத்தில் தசை சரியாக எதிர்வினை காட்டாது. சிலர் சின்னத் தடைக்கே விழித்துக்கொள்வார்கள், அதனால் மூச்சு நிலைப்படுவதற்கு நேரமே கிடைக்காது. சிலருக்கு மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி தேவைக்கு மேல் துள்ளும். 2013-இல் டேனி எக்கர்ட்டும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வில், நோயாளிகளில் சுமார் பத்தில் ஏழு பேருக்கு இப்படி அமைப்பு சாராத காரணம் ஒன்றாவது இருந்தது. இவை எதுவும் படத்தில் தெரியாது.

பல் மருத்துவமனைகளில் எடுக்கும் கோன்-பீம் சி.டி. படத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பாதையை முப்பரிமாணத்தில் காட்டி, குறுகலான இடத்தைச் சிவப்பில் தீட்டிக் கொடுப்பார்கள். பார்த்தாலே பயம் வரும். பெரும்பாலும் உட்கார்ந்த நிலையிலோ நின்ற நிலையிலோ, விழித்திருக்கும்போது எடுத்தது அது. தாடை அறுவை சிகிச்சைக்குத் திட்டமிட அது உதவும். சிவப்பைக் காட்டி நோய் இருக்கிறது என்று யாராவது சொன்னாலும், பச்சையைக் காட்டி இல்லை என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

உங்கள் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த எண்கள் 41-உம் 9-உம். மல்லாந்து படுக்கும்போது ஏ.எச்.ஐ. இரண்டு மடங்குக்கு மேல் போனால் அது படுக்கும் நிலையைச் சார்ந்த மூச்சுத்தடை. உங்களுக்கு நாலு மடங்குக்கு மேல். பருமன் இல்லாதவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். மல்லாந்து படுப்பதைத் தடுக்கும் கருவிகள் இருக்கின்றன; முதுகில் கட்டிக்கொள்வது உண்டு, திரும்பினால் அதிர்ந்து உணர்த்துவது உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். ஒருக்களித்தாலும் 9 இருக்கிறது. அந்த 9-கூடக் குறைத்துக் காட்டிய எண்ணாக இருக்கலாம். வீட்டுச் சோதனைகள் பெரும்பாலும் மூளை அலைகளைப் பதிவதில்லை. அதனால் ஆக்சிஜன் குறையாமல் தூக்கம் மட்டும் கலைந்த தடைகள் விட்டுப்போகும். நீங்கள் விழித்துக்கிடந்த நேரமும் தூங்கிய நேரமாகக் கணக்கில் சேர்ந்து சராசரியைக் கீழே இழுக்கும்.

ஆகவே இப்போதைக்குச் சிபாப்பை வையுங்கள், ஒருக்களித்துப் படுக்கப் பழகுங்கள். சிபாப் காற்று தொண்டையை எப்படித் திறக்கிறது என்பதையும் எம்.ஆர்.ஐ.யில் பார்த்திருக்கிறார்கள். நாக்கை முன்னால் தள்ளுவதைவிடப் பக்கச் சுவர்களை விலக்கி, பாதையை இடவலமாக அகலப்படுத்துவதே அதிகம். எங்கே நெருக்கமோ அங்கேயே வேலை செய்கிறது. முதல் சில வாரங்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். முகமூடி பொருந்தவில்லை என்றால் வேறு மாதிரி கேளுங்கள். மூக்கு வறண்டால் ஈரப்பதமூட்டியைக் கூட்டச் சொல்லுங்கள். எவ்வளவு முயன்றும் ஒத்துவரவில்லை என்றால், கீழ்த்தாடையை முன்னால் பிடித்துவைக்கும் பல் கருவி உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல மாற்று. தாடையை முன்னால் இழுத்தால் நாக்குக்குப் பின்னால்தான் இடம் கிடைக்கும் என்று நினைப்போம். படத்தில் பார்த்தால் அண்ணத்துக்குப் பின்னாலும் பக்கவாட்டில் பாதை விரிகிறது. அதைப் பொருத்தியபின் மறுபடி ஒரு தூக்கச் சோதனை செய்து பார்த்தாக வேண்டும். எந்த வழியில் போனாலும், இரவில் மதுவும் மருத்துவரைக் கேட்காத தூக்க மாத்திரையும் வேண்டாம். பகலில் தூக்கம் சொக்குகிற நாளில் வண்டி ஓட்ட வேண்டாம்.

இனி ஆய்வு. சேருங்கள் என்றுதான் சொல்வேன், பருமன் இல்லாத பெண்களின் படங்கள் எங்களுக்கு எப்போதும் பற்றாக்குறை. ஆனால் அது உங்களுக்கான சிகிச்சை அல்ல, உங்கள் படம் பலருடைய படங்களோடு சேர்ந்து ஒரு கேள்விக்குப் பதிலாகப் போகிறது என்பதைத் தெரிந்து சேருங்கள். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. இதயத்துடிப்புக் கருவி, காதுக்குள் பொருத்திய கருவி, கண்ணில் உலோகத் துகள் போன்றவை இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பல் கம்பி பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனால் சரியாக நாங்கள் பார்க்க வேண்டிய இடத்தில் படத்தைக் கறுப்படித்துவிடும். உள்ளே மல்லாந்து படுக்கவைத்து, தலை அசையாமல் இருபக்கமும் பஞ்சு வைத்து, வாயை மூடி மூக்கால் மூச்சுவிடச் சொல்வார்கள். படம் எடுக்கும் நேரத்தில் எச்சில் விழுங்கக் கூடாது. அப்படிச் சொன்னவுடனே விழுங்கத் தோன்றும், எல்லோருக்கும் அப்படித்தான். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் விழுங்கிக்கொள்ளலாம். விழுங்கிவிட்டால் நாக்கு நிழல் நிழலாக விழுந்து அந்தப் படம் வீணாகும், மறுபடி எடுப்பார்கள். சத்தம் பலமாக இருக்கும், காதடைப்பான் தருவார்கள். அடைபட்ட இடம் பயம் என்றால் முன்கூட்டியே ஒருமுறை படுத்துப் பார்க்கக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் சிலவற்றை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? படத்தில் தற்செயலாகக் கட்டி போன்ற ஏதாவது தெரிந்தால் யார் பார்ப்பார்கள், உங்களுக்குச் சொல்வார்களா? படத்தின் நகல் உங்களுக்குக் கிடைக்குமா? பின்னால் தாடை அறுவை சிகிச்சையோ நரம்புத் தூண்டலோ பேசவேண்டி வந்தால் அந்த மருத்துவருக்கு அது உதவலாம். சில ஆய்வுகளில் படத்துக்கு முந்தைய சில இரவுகள் சிபாப்பை நிறுத்தச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் எத்தனை இரவு என்று கேட்டு, உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

தூங்கும்போது எடுக்கும் படம்தான் முக்கியமாக விசாரிக்க வேண்டியது. அந்தச் சத்தத்தில் யாரும் எளிதில் தூங்க மாட்டார்கள். அதனால் முந்தைய இரவு கண்விழிக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் மயக்க மருந்து தருவார்கள். மருந்து என்றால், அறையில் மயக்க மருத்துவர் இருப்பாரா, ஆக்சிஜன் அளவையும் மூச்சையும் தொடர்ந்து கண்காணிப்பார்களா என்று கேளுங்கள். மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது அது கட்டாயம். கண்விழிப்பு என்றாலும் சரி, மருந்து என்றாலும் சரி, அன்று திரும்பி வரும்போது நீங்கள் வண்டியை ஓட்டாதீர்கள். கணவரையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு போங்கள். தம்பி என்றால், அவருக்கும் அங்கேயே ஒரு சோதனைக்குத் தேதி வாங்கிவிடலாம்.